செவ்வாய்க்கிழமையில் வந்த ஓய்வுநாள்

ஞானம்மா அண்ணி பகலில் படுத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மலாயா ரப்பர் தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டின் ஒரே அறையில், நடுவில் பாயை விரித்து மல்லாந்து கிடந்தார். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. கண்கள் மட்டும் கூரையில் ஓடிக்கொண்டிருந்தன. என் மகள் கிருபை, அப்போது தவழ்கிற குழந்தை, அத்தைக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் அவர் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. எல்லோரும் மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். லயம் முழுக்க ஒரு கோழிகூடக் கத்தவில்லை. கோழிகளை ஜப்பான்காரன் எப்போதோ தின்று தீர்த்துவிட்டான்.

“சாராளு.”

“என்ன அண்ணி?”

“அந்த மூலையில ஒட்டடை தொங்குது பாரு.”

“தொங்கட்டும்.”

“இத்தன நாளா என் கண்ணுல படவே இல்லையே.”

“நீங்க எப்ப மல்லாக்க படுத்தீங்க, கண்ணுல பட?”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் விரல்கள் ஆட ஆரம்பித்தன. நான் கையை வைத்து அழுத்தினேன். கால் அடங்கியது, கை ஆட ஆரம்பித்தது. பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை எடுத்துப் பின்னப் பார்த்தார். அதையும் பிடுங்கினேன்.

அவர் உடம்பைத் தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. ஆனால் அவருக்குக் காய்ச்சல் என்று ஊருக்கெல்லாம் நான் சொல்லி வைத்திருந்தேன்.

சோம்பேறி எழுதுகிறேன்

போன வாரம் இந்தப் பத்திரிகையில், என் வீட்டுக்காரர் ஏசுவடியானை ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் சபைப் பெண் ஒருத்தி போன் செய்தாள். அழுதாளாம். நல்லது. போனை வைக்கிற நேரத்தில் மெல்ல இழுத்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க உங்களையே சோம்பேறின்னு எழுதுறீங்களே, கிறிஸ்தவப் பொம்பளைக்கு அது நல்லாவா இருக்கு? நாலு பேர் படிக்கிற பத்திரிகை லா.”

நல்லா இல்லைதான். ஆனால் நான் சோம்பேறிதானே, மகளே. பொய் எழுதச் சொல்கிறாயா?

வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் நான் பால் மரம் சீவினேன். எனக்குக் கொடுத்த மரங்களைச் சீவி முடித்ததும், வேறு பெண்கள் புல் பிடுங்குவார்கள், விறகு பொறுக்குவார்கள், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சேர்ப்பார்கள். நான் கடைசி மரத்தின் வேரில் உட்கார்ந்துகொள்வேன். பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் அப்படி ஒரு சுகம். கடைக்கார மலாய்க்காரர் என்னை “மாலாஸ்” என்று கூப்பிடுவார். மலாயில் சோம்பேறி என்று அர்த்தம். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. மாலாஸ் சாராள் என்றால் தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலும் தெரியும்.

இப்போது என் பேத்தி கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். விடிந்து வந்து படுத்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள். வீட்டில் முணுமுணுப்பார்கள். நான் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன், ஒருவரையும் தட்ட விடுவதில்லை. தூங்குகிற பெண்ணைப் பார்த்தால் சிலருக்கு ஏன் பொறுப்பதே இல்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிடி அரிசி

ஞானம்மா அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே குளிர்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். நான் மருமகளாக வந்தபோது வீட்டில் எனக்கென்று ஒரு வேலைகூட மிச்சம் இல்லை. எல்லாம் அவர் கைக்குள் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

விடியும் முன்னே எழுந்துவிடுவார். பெரட்டு மணி, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற மணி, அடிக்கும்போது அவர் தண்ணீர் எடுத்து, வாசல் கூட்டி, ஜெபம் பண்ணி, சமைத்தும் முடித்திருப்பார். என்னை எழுப்புவதுதான் அவருக்குப் பெரிய வேலை.

“சோம்பல் பாவம் சாராளு,” என்பார்.

“தூங்குறவ என்ன பாவம் செய்யப் போறா அண்ணி? முழிச்சிருக்கறவங்கதான் செய்யிறாங்க,” என்பேன் போர்வைக்குள்ளிருந்து.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மாதம் ஒரு தடவை பாடாங் செராயிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடக் கொட்டகையில் ஆராதனை நடக்கும். அண்ணி முதல் ஆளாகப் போய்க் கொட்டகையைக் கூட்டுவார், பெஞ்சு துடைப்பார், ஆராதனை முடிந்ததும் மறுபடியும் கூட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து துணி அவிப்பார். அப்புறம் காய்ச்சல்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அவர்கள் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டு வருவார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்வதும் அவர்தான்.

இன்னொரு வழக்கம் அவரிடம் இருந்தது. எங்கள் ஜனங்களில் பல பெண்கள் செய்வதுதான். உலையில் அரிசி போடும் முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்பார். அது ஆலயத்துக்கு. சட்டி நிறைந்ததும் உபதேசியாரிடம் போகும், அவர் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று. உப்பு போயிற்று, சோப்பு போயிற்று, நல்ல துணி போய்க் கோணிச் சாக்கு வந்தது. ரப்பர் யாருக்கு வேண்டும் என்று மரங்களை வெட்டி, மரவள்ளி நடச் சொன்னான். மூன்று வேளையும் கிழங்கு. அண்ணி அந்தக் கிழங்கிலும் ஒரு பிடி எடுத்தார். நறுக்கி வெயிலில் காயவைத்து அதே சட்டியில் போட்டார்.

“ஆண்டவர் கிழங்கு திம்பாரா அண்ணி?”

“நாம திங்குறோம்ல? நம்மள படைச்சவருக்கு மட்டும் கசக்குமா?”

உபதேசியார் வருவது நின்றுபோனது. அண்ணி நிறுத்தவில்லை. காய்ந்த கிழங்கை மாவாக்கி, எழுந்திருக்க முடியாத குடும்பங்களுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிருபையும் அந்த மாவில்தான் உயிரோடு இருந்தாள். அவள் அப்பா சயாம் போன பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிவிட்டது. எது கொடுத்தாலும் குழந்தை கக்கிவிடும். அண்ணி மாவை ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றித் தெளியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அடுப்பை விட்டு நகராமல் கிண்டிக் கிண்டி ஒரு கஞ்சி காய்ச்சுவார். அது மட்டும் குழந்தையின் வயிற்றில் நின்றது. நான் காய்ச்சினால் கட்டி தட்டும். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் என் மேலேயே கக்குவாள்.

தண்டல் வாசலில் நின்றார்

எங்கள் டிவிஷன் தண்டல் வீரசாமி. ஜப்பான்காரனுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கியவர். அவரைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். நான் என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு நாள் சாயந்தரம் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அண்ணி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

“ஞானம்மாக்கா, ஒரு சங்கதி. சயாம் பக்கம் கூலிங்களுக்கு ஆக்கிப் போடவும் காடு வெட்டவும் பொம்பளைங்கள கேக்குறான்.”

“பொம்பளைங்களையா?”

“ஆம்பளைங்கதான் தீந்து போயிட்டாங்களே. கைப்புள்ள இல்லாதவங்க, உடம்பு தெடமா இருக்கறவங்க, நல்லா வேலை செய்யிறவங்க வேணுமாம். ஆபீஸ்ல நல்ல வேலைக்காரி யாருன்னு கேட்டா, எல்லார் வாயிலயும் ஒன் பேருதான் வருது. நான் என்னாக்கா பண்ணுவேன்?”

அண்ணி அகப்பையை நிறுத்தவில்லை.

“எப்ப போவணும்?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார்.

“இந்த வாரத்துல லோரி வரும். நாள் சொல்ல மாட்டான்.” தண்டல் இப்போது அண்ணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “படுத்துக் கெடக்குறவங்கள ஏத்த மாட்டான். காய்ச்சல்னா அவனுக்கு ரொம்ப பயம். ஆனா அவனே லயத்துக்கு வந்து பாப்பான். வர்ற அன்னைக்கு மட்டும் படுத்தா மாட்டிக்குவாங்க. நாளையிலேருந்தே வேலைக்கு வராம கெடந்தா நம்புவான். நான் ஒண்ணும் சொல்லல.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அண்ணி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினார். வாயைத் துடைத்தார். பிறகு மூலையில் இருந்த தன் மாற்றுப் புடவையை எடுத்து உதறி மடித்தார். தட்டை எடுத்துத் துணியில் வைத்தார். மூட்டை கட்டுகிறார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பாக்கி ஞாயிறுகள்

அந்த ராத்திரி எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலையில் அவரைத் தெருவாசலில் மறித்தேன்.

“படுத்துக்கங்க அண்ணி.”

“எதுக்கு?”

“காய்ச்சல்னு சொல்றேன்.”

“காய்ச்சல் இல்லாம காய்ச்சல்னு சொல்றது பொய். வேலைக்குப் போகாம சும்மா கெடக்குறது சோம்பல். ரெண்டு பாவத்தையும் ஒரே பாயில படுத்துக்கிட்டு செய்யச் சொல்றியா?”

“நீங்க போனா கிருபை என்ன ஆவா?”

“ஆண்டவர் பாத்துக்குவாரு. நீ கஞ்சி காய்ச்சக் கத்துக்க.”

“எனக்கு வராது! நீங்களே சொல்லுவீங்கள்ல, எனக்கு உடம்பு வளையாதுன்னு? இப்ப மட்டும் எப்படி வளையும்?”

கத்திவிட்டேன். குழந்தை மிரண்டு அழுதாள். அண்ணி அவளைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்போது எங்கிருந்து வாயில் வந்ததோ, சொன்னேன்.

“சரி, நீங்க பொய் சொல்ல வேணாம். காய்ச்சல்னு நான் சொல்லிக்கிறேன். பொய் என் கணக்கு. நீங்க ஓய்வுநாள் ஆசரிங்க.”

“இன்னிக்கு செவ்வாக்கெழம.”

“தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து, எந்த ஞாயித்துக்கெழமையாவது நீங்க சும்மா இருந்தீங்களா? கொட்டாய் கூட்டுனீங்க. துணி அவிச்சீங்க. ஊரான் வீட்டுப் பானையெல்லாம் தேச்சீங்க. ஆறு நாள் வேலை செய், ஏழாம் நாள் ஓய்ஞ்சிருன்னு ஆண்டவர் சொன்னாரா இல்லையா? நீங்க ஓயவே இல்ல. அத்தன ஞாயிறும் அவருக்கு பாக்கி அண்ணி. இப்ப ஆசரிச்சுத் தீருங்க.”

குழந்தையைத் தட்டிய கை நின்றுவிட்டது. உபதேசியார் இருந்திருந்தால் என் வாதத்தை ஒரு நொடியில் கிழித்துப் போட்டிருப்பார். அண்ணிக்கு அது நேராகப் போய்த் தைத்தது. அவர் மனசாட்சி அப்படிப்பட்டது.

வெளியே பெரட்டு மணி அடித்தது. வழக்கமாக அந்த மணிக்கு அவர் வாசலில் நிற்பார்.

குழந்தையை என்னிடம் கொடுத்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தார். உட்கார்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“ஓய்வுநாள்ல ஜெபம் பண்ணலாமில்ல?”

“பண்ணலாம் அண்ணி. படுத்துக்கிட்டே பண்ணுங்க.”

நான் உழைத்த வாரம்

அந்த வாரம்போல் நான் என் ஆயுளில் வேலை செய்ததில்லை. தண்டலிடம் போய், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டேன். அதனால் எனக்குப் பங்குக் கிழங்கு கிடையாது. இருந்ததை வைத்து ஓட்டினேன். தண்ணீர் சுமந்தேன். விறகு வெட்டினேன். கஞ்சியை அண்ணி படுத்தபடியே சொல்லச் சொல்லக் காய்ச்சினேன். “கிண்டு, கிண்டு, நிறுத்தாத,” என்று பாயிலிருந்து குரல் வரும். ஒரு கொட்டாவி விட்டேன், அடிப்பிடித்துவிட்டது. குழந்தைக்கு வயிறு கெட்டுப்போயிற்று.

வீடும் என் கைக்கு வந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று. சட்டிகள் கரியோடு கவிழ்ந்து கிடந்தன. சாம்பல் அடுப்பை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. தண்டல் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதப் பாத்தா எவனும் நம்பிருவான், ஞானம்மாக்கா படுத்துட்டாங்கன்னு.”

அண்ணிதான் தாங்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் மணி அடித்ததும் அவர் உடம்பு தானாக எழுந்து உட்காரும். நான் முந்தானையைப் பிடித்து இழுத்துப் படுக்கவைப்பேன். பகலில் புரண்டு புரண்டு பாயே நைந்துபோனது. ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது தாண்டிப் போனதும் அவர் மறுபடி கூரையைப் பார்ப்பார்.

“ஒட்டடை இன்னும் பெருசாயிருச்சு சாராளு.”

“கண்ண மூடிக்கங்க.”

“கண்ண மூடுனா அவரு வர்றாரு.”

யார் என்று நான் கேட்கவில்லை. இறந்துபோன புருஷனைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அவரு செத்த அன்னைக்கும் நான் படுக்கல. வந்தவங்களுக்கு தண்ணி மொண்டு குடுத்துக்கிட்டே இருந்தேன். அடக்கம் முடிஞ்சு வந்து வீட்டக் கழுவுனேன். படுத்தா எந்திரிக்க மாட்டேன்னு பயம். அதுலேருந்து படுக்கவே இல்ல. இப்ப நீ படுக்க வச்சுட்ட.”

சொல்லிவிட்டு அழுதார். வாயைத் திறக்காமல், காதுப் பக்கம் கண்ணீர் வழிய வழிய அழுதார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டேன். கிருபை எங்கள் இருவர் மேலும் ஏறி விளையாடினாள். அன்றைக்கு மத்தியானம் அடுப்பே மூட்டவில்லை.

லோரி வந்த காலை

நான் கண் விழித்தபோது மூக்கில் சாணி வாசம் அடித்தது.

எழுந்து பார்த்தேன். தரை முழுக்க மெழுகி, ஈரம் காயாமல் பளபளத்தது. சட்டிகள் எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் கவிழ்த்திருந்தன. விறகு ஒரே அளவாக அடுக்கியிருந்தது. கூரையில் ஒரு நூல் ஒட்டடை கிடையாது. அண்ணி பாயில் மூச்சு வாங்கக் கிடந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார், தப்பு செய்த பிள்ளை தூங்குகிற மாதிரி.

“என்னா பண்ணி வச்சிருக்கீங்க அண்ணி?”

“தாங்கல சாராளு. விடியறதுக்குள்ள முடிச்சுட்டேன். யாரும் பாக்கல.”

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் லயத்து முனையில் லோரிச் சத்தம் கேட்டது. வேறு எந்தச் சத்தத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற லோரி, இருமிக்கொண்டே வரும்.

விறகைக் காலால் தள்ளிவிடலாம், சட்டிகளில் கரியைப் பூசலாம் என்று ஓடினேன். ஒரு சட்டியை எடுப்பதற்குள் பூட்ஸ் சத்தம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. சட்டியைப் போட்டுவிட்டு அண்ணியிடம் ஓடினேன். அவர் நகக்கண்களில் சாம்பல் கறுப்பாக ஏறியிருந்தது. கையைச் சாக்குப் போர்வைக்குள் தள்ளினேன். குழந்தையை எடுத்து அவர் கைவளைவில் படுக்கவைத்து மேலே மூடினேன்.

ஜப்பான்காரன் வாசற்படியில் நின்றான். மூக்குக்கண்ணாடி போட்டவன், வயசு அதிகம் இருக்காது. பின்னால் தண்டல். உள்ளே பார்த்ததும் தண்டலுக்கு முகம் செத்துவிட்டது.

அவன் தரையைப் பார்த்தான். சட்டிகளைப் பார்த்தான். கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். “பாகுஸ்,” என்றான். நல்லா இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்த மலாயில் சொன்னான். அதன் பிறகு படுத்திருந்தவரைப் பார்த்தான்.

“சியாப்பா?”

யார் செய்தது என்று கேட்கிறான்.

காய்ச்சல் என்று நடித்த ஆள் ஒருவர் அடுத்த டிவிஷனில் மாட்டியிருந்தார். தலைக்கு மேல் கட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவைத்து, விழுந்த பிறகு அடித்து, அந்த உடம்போடு லோரியில் ஏற்றினார்கள். தண்டல் என்னைப் பார்த்தார். மாலாஸ் சாராள் இதைச் செய்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் செய்தாள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளுக்கும் பிள்ளைகள் இருந்தன. விழுங்கிவிட்டேன்.

“சாயா, துவான்,” என்றேன். நான்தான், ஐயா.

நான் பெரிய தியாகி என்று யாரும் போன் செய்ய வேண்டாம். சயாம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் ஒரு கணம் வந்து போனது உண்மை. ஆனால் முக்கியமாக நான் நினைத்தது ஒன்றுதான். அண்ணி போனால் கிருபை என் கையில் பிழைக்க மாட்டாள். நான் போனால், அவர் கையில் பிழைத்துக்கொள்வாள். இதை யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

அவன் என் தோளைப் பார்த்தான், காலைப் பார்த்தான். பிறகு குழந்தையைக் காட்டி ஏதோ கேட்டான். தண்டல் மெல்லச் சொன்னார்.

“புள்ள யாருதுன்னு கேக்குறான், சாராளு. கைப்புள்ளக்காரிய ஏத்த மாட்டான். பாத்து சொல்லு.”

என்னுடையது என்று சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் வெறும் கையோடு அவன் போக மாட்டான். அடுத்தபடியாகப் போர்வையை விலக்கிப் பார்ப்பான்.

“அவங்க புள்ள,” என்றேன். அண்ணியைக் கையால் காட்டினேன்.

அண்ணி கண்ணைத் திறந்தார்.

ஒரு பொய்யைக் கேட்டுக்கொண்டு அவர் சும்மா இருந்ததே கிடையாது. சந்தையில் யாரோ யாரிடமோ எடை குறைத்துச் சொன்னால்கூட நடுவில் புகுந்து திருத்துவார். உதடு பிரிந்தது. என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். உதட்டை மூடிக் கண்ணையும் மூடிக்கொண்டார். போர்வைக்குள் அவர் கை குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இவ ரொம்ப ராஜின், துவான்,” என்றார்.

ராஜின் என்றால் உழைப்பாளி. என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாசல்

பாயும் தட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அண்ணி தனக்காக அன்றைக்கே கட்டி வைத்திருந்த மூட்டையையே எடுத்துக்கொண்டேன். குழந்தையிடம் குனிந்தேன். ஜப்பான்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். அது என் பிள்ளை இல்லையே, அதனால் முத்தம் கொடுக்கவில்லை. ஊரான் வீட்டுக் குழந்தையைத் தடவுவது மாதிரித் தலையைத் தடவினேன். கை எடுக்க வரவில்லை.

“எந்திரிக்காதீங்க அண்ணி,” என்று காதோடு சொன்னேன். “லோரி போற வரைக்கும் எந்திரிக்காதீங்க.”

வெளியே வந்து ஏறினேன். ஏற்கெனவே நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிரார்த்தித்துக்கொண்டிருந்தாள், முருகனைக் கூப்பிட்டு. எங்களை எங்கே கொண்டுபோனார்கள், நான் எப்படித் திரும்பினேன் என்பதெல்லாம் இன்னொரு கதை.

லோரி கிளம்பவில்லை. கரி அடுப்பில் அனல் ஏற வேண்டும். டிரைவர் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊதினான். ஜப்பான்காரன் கீழே நின்று எங்கள் லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு வாசல் எனக்கு நேர் எதிரே தெரிந்தது.

கிருபை அழ ஆரம்பித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு அழுகை. அவள் கஞ்சி நேரம் அது. அந்த அழுகைக்கு அண்ணி எங்கே இருந்தாலும், என்ன வேலையில் இருந்தாலும் ஓடி வருவார். பாத்திரத்தைப் போட்டுவிட்டு, குளிக்கிற ஈரத்தோடு ஓடி வந்திருக்கிறார். இப்போது வந்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையெல்லாம் சாம்பலோடு, “சாராளு இறங்கு, நான் போறேன்,” என்று அந்த வாசலில் வந்து நிற்பார்.

ஆண்டவரே, அவங்கள எழுப்பாத என்று வேண்டிக்கொண்டேன். என் ஆயுளில் அவ்வளவு மும்முரமாக நான் ஜெபம் பண்ணியதில்லை.

பாக்கியம் வெளியே வந்து நின்றாள். எதிர்லயத்துக் கிழவர் வந்து நின்றார். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். குழந்தை மூச்சடைக்க அழுதாள். லோரி ஒரு தடவை குலுங்கி நின்றது. டிரைவர் மறுபடி சுற்றினான். பிடித்துக்கொண்டது.

வளைவில் திரும்புகிற வரை நான் எங்கள் வாசலையே பார்த்தேன். அண்ணி வரவில்லை. படுத்தே கிடந்தார்.